3 ரன்னில் 10 பிஎஸ் இறங்குது: தப்பு மேப்பிலா, டைனோவிலா?

மூணாம்கியர்:
போலோ 1.0 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல், ஸ்டேஜ் 1 மேப் (பாகம் எதையும் மாற்றாமல், இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றி பவர் கூட்டுவது). கோவையில் ரோலர் டைனோ (உருளைமேல் காரை ஓட்டி பவர் அளக்கும் கருவி), 4-ஆம் கியர், 2 நிமிட இடைவெளியில் 3 ரன். சக்கரத்தில் 118, 113, 108 பிஎஸ். ரன் தொடங்கும்போது இன்டேக் காற்று 41, 52, 60 டிகிரி. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கேட்டது 2150 மில்லிபார், கிடைத்தது 2140. மூன்று ரன்னிலும் இதேதான். கடைசி ரன்னில் 4500 ஆர்பிஎம்மில் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பின்வாங்கியது சிலிண்டர் வரிசையில் 3.0, 3.4, 5.6 டிகிரி. மேப் 95 ஆக்டேனுக்கு எழுதியது; டேங்கில் பாதி சாதா பெட்ரோல் இருக்கும்போது மேலே 95 போட்டிருக்கிறது. லாகில் (ரன்னின்போது பதிந்த இன்ஜின் தரவில்) 14 சேனல். மேப்பைக் குறைக்கச் சொல்லலாமா?

லாம்ப்டா88:
இப்போதைக்கு மேப்பில் கை வைக்காதீங்க. கேட்ட பூஸ்ட் வருது, அதனால் டர்போவிலோ குழாயிலோ பெரிய கசிவு இருக்க வாய்ப்பில்லை. அழுத்தம் அதேதான், காற்றுதான் சூடு. 41-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 6% குறையும். 118-ல் 7 பிஎஸ் அங்கேயே போச்சு. மீதி 3 பின்வாங்கிய டைமிங்கில் போயிருக்கும்.

இந்த இன்ஜினில் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே, தண்ணீரால் குளிரும் வகை. அந்தத் தண்ணீருக்குத் தனி ரேடியேட்டர் முன்பக்கம் இருக்கு. சின்ன ஃபேனை பானெட்டுக்கு நேரே வைத்தால் அதற்குக் காற்றே போகாது. ஃபேனை பம்பர் உயரத்துக்கு இறக்குங்க. அடுத்த ரன்னைக் கடிகாரம் பார்த்துத் தொடங்காதீங்க. இன்டேக் காற்று மறுபடி 41, 42-க்கு வந்த பிறகு மிதிங்க. இப்படி எடுத்த ரன்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

நாக்_சென்சார்:
சூடு சரி, ஆனால் 3-ஆம் சிலிண்டரை அப்படியே விடக்கூடாது. மூன்றும் சேர்ந்து 3 டிகிரி பின்வாங்கினால் பெட்ரோல் அல்லது சூடு. ஒன்று மட்டும் 5.6 என்றால் அந்தச் சிலிண்டரில் ஏதோ இருக்கு. 1, 3 பிளக்குகளை இடம் மாற்றி இன்னொரு ரன் எடுங்க. கோளாறு 1-க்கு நகர்ந்தால் பிளக். நகராவிட்டால் இன்ஜெக்டர், கார்பன், ஆயில் ஆவி என்று தேடணும். பிளக் இடைவெளியையும் அளந்து பாருங்க, ஸ்டேஜ் 1-க்கு 0.6 மி.மீ. போதும்.

டேங்கில் இருந்த சாதா பெட்ரோல் 91 ஆக்டேன் என்றால், பாதிக்குப் பாதி 95 சேர்ந்தாலும் 93 பக்கம்தான் வரும். ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டிவிட்டு 95 நிரப்பி, அதற்கப்புறம் டைனோ ஏற்றுங்க.

ரோலர்_ரூம்:
அந்த 118 திருத்திய எண்ணா, அளந்த எண்ணா என்று பிரிண்டில் பாருங்க, மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். எஸ்ஏஇ ஜே1349 என்ற தரமுறையின் திருத்தம், அளந்த பவர் 25 டிகிரி, 990 மில்லிபார் உலர்காற்றில் எவ்வளவு வரும் என்று ஒரு எண்ணால் பெருக்கிக் கணக்கிடுவது. கோவை உயரத்தில், 35 டிகிரி வெயிலில் அந்தப் பெருக்கும் எண் ஏறக்குறைய 1.08 வரும். 118 திருத்திய எண் என்றால் ரோலரில் உண்மையில் அளந்தது 109.

டர்போ இல்லாத இன்ஜினுக்கு இது நியாயம். டர்போவில் வெளிக்காற்று மெலிந்தாலும் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) மேனிஃபோல்டில் அதே 2150-ஐப் பிடித்து வைக்கிறது, இழக்காத பவரைத் திருப்பிச் சேர்க்கிறோம். பெங்களூரில் எடுத்த டர்போ சார்ட்டுகள் சென்னையை விடப் பெரிதாகத் தெரிய இதுவும் ஒரு காரணம். டைனோவின் வெப்பமானி பானெட் பக்கம் தொங்கினால் இன்னும் கூடும். திருத்தாத கர்வைக் கேட்டு வாங்குங்க.

லாம்ப்டா88:
லாக் பற்றி ஒன்று. ஓபிடி (காரின் டயக்னாஸ்டிக் போர்ட்) வழியாக 14 சேனல் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 2, 3 மதிப்புதான் கிடைக்கும். 10 நொடி ரன்னில் 25 புள்ளி, 160 ஆர்பிஎம்முக்கு ஒன்று. நடுவில் வந்து போன நாக் (சிலிண்டரில் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது, டைமிங்கைப் பின்வாங்க வைப்பது) அதில் விழாமல் போகலாம், உங்கள் 5.6 உச்சமே இல்லாமலும் இருக்கலாம். சேனலைக் குறைச்சு இரண்டு ரன்னாகப் பிரிங்க. முதல் ரன்னில் ஆர்பிஎம், இன்டேக் வெப்பம், மூன்று சிலிண்டர் டைமிங். அடுத்ததில் ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவை அளவு), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோல் அழுத்தம்). இரண்டையும் ஆர்பிஎம் வைத்துப் பொருத்திக்கலாம்.