புதுப்பிப்பு: புல் வெட்டும் பழைய மாஸே 1035 டிராக்டருக்கு டயர்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் புல் வெட்ட எந்த டயர் என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு: பின்னால் அதே 12.4-28 அளவுதான், ஆனால் பட்டன் (டயரின் மேலுள்ள ரப்பர் கட்டைகள்) பாதி தேய்ந்த ஜோடி. புது உழவு டயரின் உயரமான பட்டன் சேற்றில் பிடிப்பதற்கானது. திரும்பும்போது புல்லை வேரோடு கிழித்துவிடும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கணும், இல்லாவிட்டால் வெட்டு சாயும். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாமுங்க.

காற்று 14 பிஎஸ்ஐ. ரொம்பக் குறைத்தால் ரிம்மில் டயர் வழுக்கி டியூப் மவுத்தை, அதாவது காற்றடிக்கும் வால்வை, பிடுங்கிவிடும். எடைக்காக டியூபில் நிரப்பியிருந்த தண்ணீரையும் இறக்கியாச்சு, ஈர மண்ணில் தடம் குறையும். சரிவான நிலமாக இருந்தால் இறக்காதீங்க. அந்த எடை வண்டி கவிழாமல் இருக்க உதவும்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டுக்கு (முள்மரங்கள் உள்ள மேய்ச்சல் நிலம்) இந்த ஜோடி சரிவராது. தேய்ந்த ரப்பரில் வெள்வேல முள் சுலபமாக ஏறும்.