49,300 ரூபாயில் 12 நாள் வியட்நாம்: சிக்கனமா, அலட்சியமா?

காவிரிக்கரை

போன மாதம் தோளில் ஒரு பையோடு வியட்நாம் போய் வந்தேன். திருச்சியிலிருந்து நேராக சைகோன். (பெயர் ஹோ சி மின் நகரம் என்று மாறிப் பல வருடம் ஆனாலும் அங்கே பலர் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்.) அங்கிருந்து ராத்திரி ரயிலில் டா நாங், பக்கத்திலேயே ஹோய் ஆன், பிறகு ஹனோய், கடைசியாகச் சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் மலை. 12 நாளுக்கு மொத்தச் செலவு 49,300 ரூபாய்.

கணக்கு கேட்பீர்கள், இதோ. விமானம் போக வர 18,400. பெட்டி கிடையாது, 7 கிலோ கைப்பை மட்டும். இ-விசா 25 டாலர், வங்கிக் கட்டணத்தோடு 2,200. ரயில், பஸ், திரும்பும்போது ஹனோயிலிருந்து சைகோனுக்கு விமானம் எல்லாம் சேர்த்து 9,700. இரண்டு இரவு ரயிலிலும் ஸ்லீப்பர் பஸ்ஸிலும் கழிந்தன, மீதி 9 இரவுக்கு டார்மிட்டரி படுக்கை 4,300. சாப்பாடு 8,600. ஹா ஜியாங்கில் பைக் வாடகையும் பெட்ரோலும் 2,700. சில்லறைச் செலவு 3,400.

வெளிநாடு என்றாலே ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் பேக்கேஜ் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். தேவையே இல்லை. நான் பயண இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. ஹா ஜியாங்கில் கைடும் வைக்கவில்லை. 110 சிசி வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு 350 கிலோமீட்டர் சுற்றை மூன்று நாளில் முடித்தேன். மா பி லெங் கணவாயில் காலை மூடுபனி விலகும்போது, எத்தனையோ நூறு அடிக்குக் கீழே ஞோ குவே ஆறு பச்சை நூல் மாதிரித் தெரியும். வண்டியை ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குறைந்த செலவில் போக நினைப்பவர்கள் இதையே பின்பற்றலாம்.

மருதாணி

உங்கள் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை காவிரிக்கரை. டார்மிட்டரி, ராத்திரி ரயில், 7 கிலோ பை, நானும் அப்படித்தான் போகிறவள். ஆனால் "இதையே பின்பற்றலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பயமாக இருக்கிறது.

2024 மார்ச்சில் அதே ஹா ஜியாங் சுற்றுக்கு ஹாஸ்டலில் அறிமுகமான நாலு பேர் சேர்ந்து போனோம். அதில் ஒரு தம்பி கோவைக்காரர், ஊரில் பத்து வருடம் பைக் ஓட்டியவர். மியோ வாக் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு வளைவு. சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லி. எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்தபடி நடு ரோட்டில் வந்தது, இவர் முன் பிரேக்கைப் பிடித்தார். அவ்வளவுதான். காறை எலும்பும் மணிக்கட்டும் உடைந்தன. அந்த வழியாக வந்த ஒருவர் தன் சரக்கு வண்டியில் சோள மூட்டைகளை நகர்த்திவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை.

பக்கத்து ஊர் மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு ஹனோய்தான் போக வேண்டும், 300 கிலோமீட்டருக்கு மேல். முன்பணம் கட்டாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள். எல்லாம் சேர்த்து 3,80,000 ரூபாய் ஆனது. அவர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார், ஆனாலும் பணம் கிடைக்கவில்லை. ஏன் என்று கணக்குப்பிள்ளை அண்ணன் வந்தால் சொல்வார், அவருக்கு அது தொழில்.

ஹனோயில் காலை ஏழு மணி என்றால் கோவையில் ஐந்தரை. அந்த நேரத்தில் அவருடைய அம்மாவிடம் போனில் பேசியது நான்தான். அந்த அம்மா தன் நகையை எடுத்து வைத்துக்கொண்டு அடகுக் கடை எப்போது திறக்கும் என்று காத்திருந்தார். உங்கள் 49,300-இல் இப்படி ஒரு அம்மாவின் கணக்கு சேரவில்லை.

காவிரிக்கரை

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தம்பி இப்போது நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். விபத்து திருச்சி கல்லணை ரோட்டிலும் நடக்கும். அதற்காக யாரும் வண்டி ஓட்டாமல் இருப்பதில்லை. நான் சும்மா போகவும் இல்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான் போனேன். வழியில் போலீஸ் ஒரு முறை நிறுத்தினார்கள், அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

மருதாணி கூப்பிட்டதால் வந்தேன். பயண இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன்.

தம்பி, நீங்கள் வாங்கிப்போன அந்தச் சாம்பல் நிறப் புத்தகம் வியட்நாமில் செல்லாது. இந்தியா கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படுவது. வியட்நாம் 2014-இல் சேர்ந்தது 1968-ஆம் வருட வியன்னா ஒப்பந்தத்தில். அவர்கள் ஏற்பது அந்த ஒப்பந்தப்படி தந்த அனுமதியை மட்டும். தாய்லாந்து 1949 ஒப்பந்தத்திலும் இருப்பதால் அங்கே நம் புத்தகம் எடுபடும். அதை நம்பி, பக்கத்து நாடுதானே என்று வியட்நாமுக்கும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உங்களை நிறுத்திய போலீஸ்காரர் விட்டுவிட்டார் என்பதற்காக அது சட்டப்படி செல்லுபடி ஆகிவிடாது.

பெரும்பாலான பாலிசிகளில் ஒரு வரி இருக்கும்: ஓட்டும் இடத்தில் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டி அடிபட்டால் பணம் கிடையாது. கோவைத் தம்பிக்கு நடந்தது அதுதான். எனக்கு வரும் கோப்புகளில் மனம் கனக்க வைப்பவை இவைதான். பிரீமியம் கட்டியிருப்பார், எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கும், அந்த ஒரு வரியில் எல்லாம் போய்விடும்.

அப்புறம் அபராதம். 2025 ஜனவரியிலிருந்து வியட்நாமில் கடுமையாக ஏற்றிவிட்டார்கள். 125 சிசி வரையிலான வண்டியை உரிமம் இல்லாமல் ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்று வைத்தால் 7,000-இலிருந்து 13,000 ரூபாய். வண்டியையும் பிடித்து வைக்கலாம், அந்த நாள்களுக்கும் வாடகைக் கடைக்காரர் உங்களிடம்தான் கேட்பார். குடித்துவிட்டு ஓட்டுவதில் 2020 முதல் அங்கே சலுகையே இல்லை, ஒரு பீர் குடித்திருந்தாலும் குற்றம்தான்.

தென்னந்தோப்பு

இதற்குத்தான் சொல்கிறேன், கையில் பணம் சேராமல் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது. ஐம்பதாயிரம் என்பது நம்மில் பலருக்கு இரண்டு மாதச் சம்பளம். அவசரத்துக்குக் கூடவே ஒரு லட்சமாவது இருக்க வேண்டும். அது சேரும்வரை மேகமலை இருக்கிறது, ஹம்பி இருக்கிறது, மேகாலயா இருக்கிறது. உடம்புக்கு முடியாவிட்டால் யாராவது ரயிலேறி வந்து பார்ப்பார்கள். வெளிநாட்டில் யார் வருவார்கள்? என் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

காவிரிக்கரை

முதலில் கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு. 1949, 1968 விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். லைசென்ஸ் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்த மூன்று நாளும் ஓட்டினேன். தெரிந்திருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன். முதல் பதிவில் அந்தப் பகுதியைத் திருத்திவிடுகிறேன்.

ஆனால் தென்னந்தோப்பு ஐயா சொல்வதை ஏற்க மாட்டேன். என் அப்பா 14 வருடம் தம்மாமில் வெல்டராக இருந்தார். பாஸ்போர்ட் முழுக்க முத்திரை. ஆனால் ஒரு இடத்தையாவது பார்க்கவென்று போனதில்லை. எப்போதும் "கொஞ்சம் சேரட்டும்" என்பார். வீடு கட்டினார், அக்காவுக்குக் கல்யாணம் செய்தார், முழங்கால் தேய்ந்து திரும்பி வந்தார். ஒரு லட்சம் தனியாகச் சேரும்வரை காத்திருந்தால் எங்கள் வீட்டில் யாரும் எப்போதும் எங்கேயும் போக முடியாது. அதற்குள் ஒரு தங்கை படிப்போ மருத்துவச் செலவோ வந்து நிற்கும்.

சைகோனில் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது, அந்தக் காலத்தில் நம் தமிழ் வணிகர்கள் கட்டியது. அங்கே போய் நின்றபோது சுற்றிலும் வியட்நாம்காரர்கள்தான். ஒரு பெண் சன்னிதிக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, முணுமுணுவென்று என்னவோ வேண்டிக்கொண்டிருந்தார். சுவரில் அந்த இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. நம் அம்மனிடம் இன்னொரு மொழியில் வேண்டுகிறார்களே என்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இதை நான் ஐம்பது வயதில்தான் பார்க்க வேண்டுமா ஐயா?

தென்னந்தோப்பு

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது தம்பி. நானும் அப்படி வாழ்ந்தவன்தான். ஆனால் அதே அப்பா அந்த ஹனோய் போன் காலை எடுக்கும்படி ஆகியிருந்தால்? அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மருதாணி

ஐயா, அதற்காக வீட்டிலேயே இருக்கச் சொன்னால் நான் காவிரிக்கரை பக்கம்தான் நிற்பேன். எனக்கும் முதல் பயணத்தில் அவசரப் பணம் என்று தனியாக எதுவும் இல்லை. கடன் வாங்கிப் போகவில்லை, அவ்வளவுதான்.

காவிரிக்கரை, நீங்கள் குறைத்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு இன்சூரன்ஸை மட்டும் பாருங்கள். என் வயதுக்கு இரண்டு வாரத்துக்கு ஆயிரத்துக்குள் முடிந்தது. நீங்கள் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 700-க்கு மேல் செலவழித்திருக்கிறீர்கள். ஒன்றரை நாள் சாப்பாட்டுக் காசு அது. வண்டி ஓட்டாதவருக்கும் அது வேண்டும். வயிற்றுப்போக்கு, டெங்கு, படியில் வழுக்கி விழுவது, இதெல்லாம் பைக் ஏறாமலே வரும்.

மலைக்கு இப்போது நான் உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்துதான் போகிறேன். ஈஸி ரைடர் என்பார்கள். இரண்டாம் முறை போனபோது மூன்று நாளுக்குச் சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 42 லட்சம் டாங், நம் பணத்தில் 14,000. நீங்கள் கொடுத்த 2,700-ஐவிட ரொம்ப அதிகம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஹோய் ஆனை அந்த முறை விட்டுவிட்டேன். ஆனால் ஓட்டிவந்தவர் அந்த மலையிலேயே பிறந்தவர். எந்த வளைவில் மண் சரியும் என்று அவருக்குத் தெரியும். முதல் முறை ரோட்டைப் பார்த்தபடியே போன நான், இரண்டாம் முறைதான் ஆற்றைப் பார்த்தேன்.

காவிரிக்கரை

இன்சூரன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அடுத்த முறை எடுப்பேன்.

14,000 என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அது என் மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல். இடைவழி ஒன்று இருக்கிறதே? ஹா ஜியாங் ஊரிலிருந்து டோங் வானுக்கும் மியோ வாக்குக்கும் உள்ளூர் மினி பஸ் ஓடுகிறது. கோழிக்கூண்டு, உர மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டு போகும். டோங் வானில் இரண்டு இரவு தங்கி அங்கிருந்து நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விழும்படி பார்த்துக்கொண்டால் வாரச் சந்தை. நாலா பக்கத்து மலையிலிருந்தும் ஹ்மாங் பழங்குடிப் பெண்கள் கைவேலைப் பாவாடையோடு இறங்கி வருவார்கள். லைசென்ஸ் சிக்கல் இல்லை, செலவும் குறைவு. நான் அந்தச் சந்தையைப் பார்க்காமல் வண்டியில் கடந்து போய்விட்டேன், அது இப்போது உறுத்துகிறது.

முதல்பயணி

அண்ணா, அக்கா, எல்லாவற்றையும் படித்தேன். நான் கரூர், 24 வயது, தனியாகப் போகிறேன், டிக்கெட் போட்டுவிட்டேன். நான் சைவம். இன்னொன்று, என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது, இ-விசாவில் என்ன போடுவது?

மருதாணி

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. கடைப் பலகையில் "சாய்" என்று இருக்கிறதா பார், சி, எச், ஏ, ஒய் என்ற நாலு எழுத்து. அது சைவக் கடை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் அசைவம் தொட மாட்டார்கள், அன்றைக்கு இன்னும் எளிது. சாதாரணக் கடையில் காய்கறி என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். "சாய்" என்ற சொல்லையே எழுதிக் காட்டு.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. 20,000 டாங்கும் 5,00,000 டாங்கும் இரண்டுமே நீல நோட்டு. ராத்திரி டாக்ஸியில் நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வை.

கணக்குப்பிள்ளை

விசா விண்ணப்பத்தை அரசாங்க இணையதளத்தில் மட்டும் போடும்மா. அதே மாதிரி தோற்றத்தில் ஏஜென்ட்டுகளின் தளங்கள் நிறைய, இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். ஒரு முறை நுழையும் விசா 25 டாலர், 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள்வரை தருகிறார்கள்.

பெயருக்கு, பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். அதில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே போடவும். அப்பா பெயரை நாமாகச் சேர்க்கக் கூடாது. விமான டிக்கெட்டில் சர்நேம் இல்லாதவர்களுக்கு என்ன போடுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள், நாளைக்கே போன் செய்து விசாவில் வரும் பெயரோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்ளவும்.

தென்னந்தோப்பு

வீட்டில் ஒருவரிடம் பாஸ்போர்ட் நகல், பாலிசி எண், தங்கும் இடங்களின் முகவரி மூன்றையும் கொடுத்துவிட்டுப் போ அம்மா. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் போவது என்று முடிவு செய்துவிட்டாய், அதையாவது செய்.

முதல்பயணி

சரி ஐயா, அம்மாவிடம் கொடுத்துவிட்டே போகிறேன். பாலிசியை இன்று இரவே போட்டுவிடுகிறேன். டோங் வானுக்கு மினி பஸ்தான். காவிரிக்கரை அண்ணா, ஹா ஜியாங்கிலிருந்து அந்த பஸ் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பும்?

காவிரிக்கரை

நான் வண்டியில் போனதால் பஸ் நேரம் பார்த்து வைக்கவில்லை. முதல் நாள் மாலையே ஹாஸ்டலில் கேட்டு வைத்துவிடு, அவர்களே போன் செய்து இடம் பிடித்துத் தருவார்கள். ஜன்னல் ஓரமாக உட்கார். சந்தையை எனக்காக ஒரு படம் எடுத்துப் போடு.