கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து வைத்திருப்பவர்கள் வாங்க

நீலக்கொடுக்கு, சென்னை

க்ரேஃபிஷ் (கொடுக்கு வைத்த, இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணி), நண்டு வளர்க்கும் வீடுகளில் ஏதாவது ஒரு அலமாரியில், ஏதாவது ஒரு டப்பாவில், அது வளரும்போது உரித்துப் போட்ட காலி ஓடு ஒன்று இருக்கும். எதற்காக எடுத்து வைத்தீர்கள், எப்படிப் பத்திரப்படுத்தினீர்கள் என்று எழுதுங்களேன். முதலில் என்னுடையது.

வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கிய நீல க்ரேஃபிஷ். கடைகளில் 'ப்ளூ லாப்ஸ்டர்' என்று சொல்லித்தான் விற்பார்கள். பூர்வீகம் ஃப்ளோரிடா. வாங்கும்போதே அதற்கு இடது கொடுக்கு இல்லை. தொட்டியில் நடந்த ஏதோ சண்டையில் போயிருக்கும். "அது வளந்துரும் தம்பி" என்று சொல்லி, கடைக்கார அண்ணன் விலையையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். சொன்னபடியே வளர்ந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஓடு எப்போதும் ஒரு படி பின்னாலேயே இருக்கும். முதலில் உரித்த ஓட்டில் கொடுக்கு கிடையாது. உரித்துவிட்டு வெளியே வந்த ஆளிடம் பச்சரிசி மாதிரி ஒன்று முளைத்திருந்தது. அந்தப் பச்சரிசி அடுத்த ஓட்டில்தான் தெரிந்தது. அதற்கடுத்ததில் கொஞ்சம் பெரிதாக. இவற்றை ஒரே கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் மீன்தொட்டியை விட்டுவிட்டு இதன் முன்னால்தான் நிற்கிறார்கள்.

மற்ற ஓடுகளை நான் எடுப்பதில்லை. உரித்து முடித்ததும் அது அந்த ஓட்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும். புது ஓடு கெட்டியாவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இருக்கிறது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் பதிலுக்குக் கணவாய் ஓடு ஒரு துண்டு போட்டுவிடுவேன். பறவைத் தீவனக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும் ரகம். நமக்குத்தான் அது தலைவலி, க்ரேஃபிஷுக்குக் கொண்டாட்டம். சுண்ணாம்புச் சத்து இல்லாத வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் வளர்ப்பவர்கள் ஓட்டைத் தொடவே தொடாதீர்கள்.

எடுப்பதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். இடுக்கியால் தூக்கினால் மீசை இரண்டும் அங்கேயே முறிந்து விழும். டம்ளரைத் தண்ணீருக்குள் விட்டு, தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுக்கவேண்டும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, ஈரம் காய்வதற்குள் தெர்மாகோல் மேல் வைத்து நிற்கிற கோலத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குண்டூசியை ஓட்டில் குத்தாமல், மீசைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று முட்டுக்கொடுத்தால் போதும். முதுகு மூடி வாலோடு சேரும் இடத்தில் திறந்தபடி இருக்கும், ஏனென்றால் அது வெளியே வந்த வாசலே அதுதான். அதை லேசாக அழுத்தி மூடி ஒரு ஊசியைச் சாய்த்து வைக்கலாம். நிழலில்தான் காயவைக்கவேண்டும். வெயிலில் வைத்தால் நிறமும் போகும், தொட்டாலே நொறுங்கும்.

ஜெர்சி அக்கா

எங்கள் வீட்டில் இருப்பது சங்குக்குள் வாழும் நண்டு, கரீபியன் இனம். நியூ ஜெர்சி கடற்கரைக் கடைகளில் சங்குக்குச் சாயம் பூசிக் கம்பிக் கூண்டில் போட்டு விற்பார்கள். பெண் அழுது அடம்பிடித்ததால் வாங்கினோம். இதைக் கூண்டில் வளர்க்கவே கூடாது, ஈரமணல் ஆழமாக வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது.

இந்த நண்டு உரிப்பதை நீங்கள் பார்க்கவே முடியாது. மணலுக்குள் போய்விடும். வாரக்கணக்கில் ஆள் வராது. உயிரோடு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க மனசு துடிக்கும், தோண்டினால் அதோடு தீர்ந்தது. உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று கிடக்கும் நேரம் அது. மணலுக்குள்ளேயே தன் ஓட்டையும் தின்றுவிட்டுத்தான் மேலே வரும். அதனால் எங்களிடம் முழு ஓடு கிடையாது. அது தின்னாமல் விட்ட இடது கொடுக்கு ஒன்றுதான் கிடைத்தது. இந்த இனத்துக்கு இடதுதான் பெரிசு, நல்ல ஊதா. சங்கு வாசலை அடைக்கிற கதவே அதுதான். அதைக் கழுவிக் காயவைத்து என் பெண் தோடு வைக்கும் டப்பாவில் வைத்திருக்கிறாள். நீலக்கொடுக்கு தம்பி சொல்வதுதான் சரி. அது மிச்சம் வைத்தால் நமக்கு, இல்லையென்றால் இல்லை.

யோகோஹாமாத் தமிழன்

இங்கே சிவப்பு க்ரேஃபிஷ் தெருவோரக் கால்வாயிலேயே கிடைக்கும். 1927-இல் அமெரிக்காவிலிருந்து எங்களுக்குப் பக்கத்து ஊரான கமகுராவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எதற்குத் தெரியுமா? அங்கே வளர்த்துக்கொண்டிருந்த தவளைகளுக்குத் தீனியாக! தவளைக்கு வந்தது நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2023 ஜூன் முதல் இதை விற்கவும் கூடாது, வளர்த்ததைக் கொண்டுபோய் நீர்நிலையில் விடவும் கூடாது. வீட்டில் வளர்ப்பதற்கு மட்டும் தடையில்லை. பிடித்துவந்தால் சாகும்வரை நம் பொறுப்பு.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் செய்யும் ஒரு பிரபலமான ஆராய்ச்சி இருக்கிறது. க்ரேஃபிஷுக்கு வேறெதுவும் கொடுக்காமல் கானாங்கெளுத்தி மீன், பாறை மீன் என்று மீன்சதையாகவே கொடுப்பது. சிவப்பு நிறமி செடி, பாசி வழியாகத்தான் அதன் உடம்புக்குள் போகிறது. மீன்சதையில் அது கிடைக்காது. உரிக்க உரிக்கச் சிவப்பு மங்கி, நீலமாகி, கடைசியில் வெளுத்தே போகும். திரும்ப கேரட்டோ பாசியோ கொடுத்தால் பழைய நிறம் மெல்லத் திரும்பும். என் பையன் போன வருஷம் இதைச் செய்தான். ஆசிரியரிடம் காட்டியது அவன் எழுதிய நோட்டை அல்ல, அட்டையில் வரிசையாக ஒட்டிய ஓடுகளை. செங்கல் நிறத்தில் ஆரம்பித்து, சாம்பல் கலந்த நீலத்தில் வந்து நிற்கிறது. வெள்ளை வரும்வரை போகலாம் என்றான். போதும்டா, அதுக்கும் நாக்குன்னு ஒன்னு இருக்கு என்று நிறுத்திவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஓட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட்டில் ஊறப்போடுகிறார்கள். பூஞ்சை வராது என்பது உண்மைதான். ஆனால் நீல ஓட்டுக்கு அது ஆகாது. நீலம் என்பது அதே சிவப்பு நிறமிதான், ஒரு புரதத்தோடு கட்டுண்டு நீலமாகத் தெரிகிறது. சூடோ ஸ்பிரிட்டோ பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். நண்டைக் கொதிக்கவைத்தால் சிவப்பதும் இதனால்தான். வெந்நீரும் கூடாது.

வாத்தியார்

கல்லூரியில் விலங்கியல் எடுத்தவன், ஓய்வுபெற்றுவிட்டேன். ஓட்டை வெளியிலிருந்து பார்க்கிறீர்கள், உள்ளே பார்த்தீர்களா? க்ரேஃபிஷ் உரிக்கும்போது இரைப்பையின் உள்தோலையும் சேர்த்தே கழற்றிப் போடுகிறது. இரைப்பைக்குள் இரை அரைக்கும் பற்கள் மூன்று உண்டு, நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. புதிய ஓட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, முதுகு மூடியைத் தூக்கி, வாய்க்கு மேலே லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழுப்பாகத் தெரியும். செவுள் மேல் இருந்த மெல்லிய உறையும் இழை இழையாக அப்படியே இருக்கும். காய்ந்துவிட்டால் இதெல்லாம் சுருங்கிப் போய்விடும். அதனால் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் காயவையுங்கள்.

சிறிய மீசையின் அடியில் ஒரு குழி இருக்கும். மேல் எது கீழ் எது என்று சொல்லும் உறுப்பு அது, உள்ளே மணல் துகள்கள். ஓட்டோடு அதன் உறையும் மணலும் போய்விடும், புது மணலைத் தானே போட்டுக்கொள்ளும். வியன்னாவைச் சேர்ந்த க்ரைட்ல் என்ற ஆராய்ச்சியாளர் 1893-இல் உரித்த இறால்களுக்கு மணலுக்குப் பதில் இரும்புத்தூளைப் போட்டுவைத்தார். தன் குழிக்குள் அவை இரும்பை எடுத்துப் போட்டுக்கொண்டன. மேலே காந்தம் காட்டினால் மல்லாந்துவிட்டன!

இன்னொன்று. உரிப்பதற்கு முன்பே பழைய ஓட்டிலிருந்து ஓரளவு சுண்ணாம்பை உறிஞ்சி, இரைப்பைச் சுவரில் இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும். உரித்த பின் அவை கரைந்து புது ஓட்டுக்குப் போகும். ஐரோப்பாவில் அந்தக் கற்களை ஒரு காலத்தில் நெஞ்சுக்கரிப்புக்கு மருந்தாக விற்றார்கள். ஆனால் இந்தச் சேமிப்பு முழு ஓட்டுக்கும் போதாது. மேலே தம்பி சொன்ன கணவாய் ஓட்டுக்குத் தேவை அங்கேதான் வருகிறது.

புதுத்தொட்டி

வாத்தியார் சார் பதிவைப் படித்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினேன். இல்லை, லேட். காலையில் அம்மா என்னை எழுப்பி "உன் லாப்ஸ்டர் செத்துருச்சுடா" என்றார். குப்பையில் போட்டும்விட்டார். கண் கலங்கித் தொட்டியைக் கழுவப் போனால், பிவிசி பைப்புக்குள் மீசை ஆடுகிறது. செத்ததா உரித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குப்பையிலிருந்து மீட்ட ஓட்டில் எறும்பு மொய்த்திருக்கிறது, காலும் ஒன்று கழன்றுவிட்டது. வினிகரில் கழுவலாமா?

நீலக்கொடுக்கு, சென்னை

வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் கூடாது சகோ. ஓடே சுண்ணாம்பு, புளிப்பு பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். நல்ல தண்ணீரில் மென்மையான பிரஷ் போதும்.

கண்டுபிடிப்பது சுலபம். முதுகு மூடிக்கும் வாலுக்கும் நடுவில் பிளந்திருக்கிறதா, கண் வெறும் கண்ணாடி மூடியாகத் தெரிகிறதா, எடையே இல்லையா, அப்படியென்றால் ஓடு. செத்தது கனக்கும், நாற்றமும் வந்துவிடும்.

கழன்ற காலை, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஈர்க்குச்சி நுனியைத் தொட்டு ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் தெர்மாகோலிலிருந்து எடுத்துவிட்டு அடியுங்கள், இல்லையென்றால் தெர்மாகோல் உருகி ஓட்டோடு பிடித்துக்கொள்ளும். எறும்புக்கு அந்துருண்டை போடுவார்கள். பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால் அதுவும் இளகலாம். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடி, உள்ளே ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, அவ்வளவுதான்.

இந்த ஓட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், குப்பைக்குப் போய் வந்ததைத் தொட்டியில் திரும்பப் போடவேண்டாம். இன்றைக்கே கணவாய் ஓடு வாங்கிப் போடுங்கள். பைப்புக்குள் இருப்பதை ஒரு வாரத்துக்குத் தொந்தரவு செய்யாதீர்கள். கூடவே மீன் இருந்தால் அந்த மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், மெத்தென்று இருக்கும்போது கொத்திவிடும். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.