தூணில் கட்டிய நெல் சாக்கு

பன்றிப் பண்ணையில் எவ்வளவு ஆன்டிபயாட்டிக் போகிறது என்று அளந்து பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் கால்நடை மருத்துவர். கும்பகோணத்துக்குத் தெற்கே வெண்பன்றி வளர்க்கும் ஒருவரிடம் மூன்று மாதம் அளந்தேன்.

"மாதத்துக்கு ஒரு பாட்டில் ஆகும், சார்" என்றார் முதல் நாள். அவர் பொய் சொல்லவில்லை, நினைவில் நின்றது அவ்வளவுதான். கொட்டகைத் தூணில் ஒரு நெல் சாக்கைக் கட்டி, காலி பாட்டிலை வாய்க்கால் கரையில் வீசாமல் இதில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். புரட்டாசியில் கட்டிய சாக்கை மார்கழியில் அவிழ்த்தோம். 100 மில்லி பாட்டில்கள் 11 இருந்தன! ஐப்பசி அடைமழையில் தரை காயவே இல்லை. பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் பிடித்தபோது போனவைதான் பாதிக்கு மேல். அவர் சாக்கைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார்.

இரண்டு வகை ஆன்டிபயாட்டிக். ஆறு பாட்டில் 5 சதவீத ஆக்சிடெட்ராசைக்ளின், அதில் மருந்து 30 கிராம். ஐந்து பாட்டில் 10 சதவீத என்ரோஃப்ளாக்சசின், 50 கிராம். பண்ணைகளை ஒப்பிட, ஐரோப்பியக் கணக்கில் கறிப்பன்றிக்கு 65 கிலோ எடை, தாய்ப்பன்றிக்கு 240 கிலோ என்று வைப்பார்கள். இவரிடம் 40 கறிப்பன்றி, 5 தாய். மொத்தம் 3,800 கிலோ. மருந்து மொத்தம் 80 கிராமை இதால் வகுத்தால் கிலோவுக்கு 21 மில்லிகிராம்.

இந்த ஓர் எண்ணோடு நின்றால் ஏமாந்துபோவோம். ஆக்சிடெட்ராசைக்ளின் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தேவை, என்ரோஃப்ளாக்சசின் 2.5 போதும். அந்த 30 கிராம் 65 கிலோ பன்றி ஒன்றுக்கு 46 நாள் வைத்தியம். 50 கிராமோ 300 நாளைத் தாண்டுகிறது. எடையில் இரண்டு மடங்குகூட இல்லாத மருந்து, நாள் கணக்கில் ஏழு மடங்காக நிற்கிறது. டென்மார்க்கில் கால்நடை மருந்துச் சீட்டு ஒவ்வொன்றும் 2000ஆம் ஆண்டு முதல் வெட்ஸ்டாட் என்ற அரசுப் பதிவேட்டில் ஏறுகிறது. 2010இலிருந்து வரம்பு மீறும் பண்ணைக்கு மஞ்சள் அட்டை என்ற எச்சரிக்கை. இங்கே அவர் சீட்டே இல்லாமல் வாங்கியிருக்கிறார். சாக்கை விட்டால் நமக்கு வேறு சாட்சி இல்லை.

—

நான் ஒரத்தநாட்டுப் பக்கம் பண்ணை வைத்திருக்கிறேன், ஐயா. சாக்கு பாதியைத்தான் பிடிக்கும். மீதி தீவனத்தில் ஒளிந்திருக்கும். குட்டி சீக்கிரம் எடை கூடும் என்று ஒருவர் கொடுத்த பொடியைத் தவிட்டில் கலந்து போட்டுக்கொண்டிருந்தேன். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் கோலிஸ்டின் என்று ஓர் ஆன்டிபயாட்டிக்கின் பெயர் இருந்ததைப் படிக்கவில்லை. தீவனத்தில் அதைச் சேர்ப்பதை 2019 ஜூலையிலேயே அரசு தடை செய்துவிட்டது என்பதும் தெரியாது. பிறகு என் அப்பா தொற்று முற்றித் தீவிர சிகிச்சையில் கிடந்தார். வேறு எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை, கடைசியாக இதைக் கொடுத்துப் பார்க்கிறோம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்ன பெயர் அதேதான். அன்றிரவே தம்பிக்குப் போன் செய்து, மீதிப் பொட்டலங்களைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். அப்பா பிழைத்துவிட்டார். எங்கள் கணக்கு நோட்டில் இப்போது தீவனத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

—

டாக்டர் ஐயா, ஒரு சந்தேகம். பாதி தீர்ந்து அலமாரியில் நிற்கும் பாட்டிலை எப்படிக் கணக்கில் எடுப்பது?

—

சாக்கைக் கட்டும் நாளிலும் அவிழ்க்கும் நாளிலும் அலமாரியைப் பாருங்கள். பாட்டிலில் எந்த மட்டம் வரை மருந்து நிற்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். முதல் நாள் இருந்ததைக் கூட்டி, கடைசி நாள் மிஞ்சியதைக் கழித்துவிடலாம்.