லேப்டாப் சார்ஜர் செருகினால் ஸ்பீக்கரில் ஹம்: எந்த யூஎஸ்பி ஐசோலேட்டர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பேட்டரி உள்ள கையடக்க யூஎஸ்பி டாக்-ஆம்ப் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கிப் பெருக்கும் கருவி) லேப்டாப்பில் ஓடுகிறது. ஹெட்போனில் சுத்தமான ஒலி. அதே 3.5 மி.மீ. அவுட்டை பவர்டு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஹம் வருகிறது, மௌஸை நகர்த்தினால் கிர்ரென்ற இரைச்சலும் சேர்கிறது. சார்ஜரைக் கழற்றினால் இரண்டும் நின்றுவிடும்.

லேப்டாப் சார்ஜர், ஸ்பீக்கர் இரண்டுமே மூன்று பின் பிளக். எனவே இது கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டு எர்த்தும் ஆடியோ கேபிள் வழியே வளையமாகச் சேர்ந்து இரைச்சல் தருகிறது. ஹெட்போனுக்கு எர்த் கிடையாது, அதனால் அதில் லூப் உருவாகாது. கேபிள், போர்ட் மாற்றியும் பலனில்லை. எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்ல வேண்டாம், அது ஆபத்து.

யூஎஸ்பி ஐசோலேட்டர் லேப்டாப்புக்கும் டாக்குக்கும் இடையே நேரடி மின் தொடர்பைப் பிரித்து டேட்டாவைக் கடத்தும். மலிவானவை வினாடிக்கு 12 மெகாபிட் வேகம்தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு 4.6 மெகாபிட் போதும், 192க்கு 9.2 வேண்டும். 12 மெகாபிட் யூஎஸ்பியில் ஆடியோவுக்குக் கிடைக்கும் உச்சமே 8.2தான். டாக்கை யுஏசி1 மோடுக்கு (12 மெகாபிட்டில் ஓடும் பழைய யூஎஸ்பி ஆடியோ முறை) மாற்றினால் 96 வரை ஓட வேண்டும்.

கேள்விகள்:
480 மெகாபிட் ஐசோலேட்டரை டாக்குடன் பயன்படுத்தியவர்கள் உண்டா? இடையில் ஒலி விட்டுப்போகிறதா?
டாக் சார்ஜ் ஆகும்போது 500 மில்லிஆம்ப் இழுக்கும். ஐசோலேட்டர் தாங்குமா, சார்ஜிங்கை அணைத்துத்தான் ஓட்ட வேண்டுமா?
ஐசோலேட்டருக்குப் பதில் ஸ்பீக்கர் லைனில் எர்த் தொடர்பைப் பிரிக்கும் 3.5 மி.மீ. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் பேஸ் எவ்வளவு குறையும்? அளந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.