கடை வேலைக்கு நடுவே மன அமைதி: அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் மூட்டை இறங்கத் தொடங்கினால், இரவு கல்லாவைச் சரிபார்க்கும் வரை விலை கேட்பவர்களும் கடன் சொல்பவர்களும் சூழ்ந்திருப்பதால், மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. வீடு திரும்பிய பிறகும் அதே பேச்சு உள்ளே ஓடுகிறது.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகில், சொக்கப்ப நாயக்கன் தெருவில், ரமண மகரிஷி இளமையில் வாழ்ந்த வீடான ரமண மந்திரத்துக்கு அவ்வப்போது செல்வேன். 1896ஆம் ஆண்டு, 16 வயதில், திருவண்ணாமலைக்குப் புறப்படுவதற்கு முன்பே, ரமணர் மரண அனுபவத்தின் வழியாகத் தம்மை உணர்ந்தது இந்த வீட்டு மாடி அறையில்தான். குடும்பப் பொறுப்பை விட்டு எங்கும் செல்ல இயலாத எனக்கு, ஜனநெருக்கடி மிகுந்த இந்தத் தெருவிலேயே அது நிகழ்ந்தது என்பது பெரிய ஆறுதல்.

எண்ணம் எழும்போது அது யாருக்கு எழுகிறது என்று விசாரிக்கச் சொல்கிறார் ரமணர். அங்கே அமர்ந்திருக்கையில் இது ஓரளவு கைகூடுகிறது. சிட்டையில் தொகையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குரலை உயர்த்தினால், விசாரணையும் போய்விடுகிறது, கூட்டலும் தவறிவிடுகிறது. வேலைக்கு இடையூறின்றி இதைப் பழகியவர்கள், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள். முதலில் நாமஜபத்தில் மனத்தை நிறுத்திப் பழகுவது நல்லதா? ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் நடைபெறும் சத்சங்கம் மதுரையில் இருந்தால், இடமும் நேரமும் தெரிவித்து உதவுங்கள்.