நொய்யல் சாயக்கழிவு: இசைவாணை இருந்தும் ஆறு கெட்டது ஏன்?

கேள்வி: 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஆலையை நிறுவுவதற்கும் பின்னர் இயக்குவதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவை. அப்படியிருந்தும் திருப்பூர்ச் சாயக்கழிவு, நொய்யல் ஆற்றின் குறுக்கேயுள்ள ஒரத்துப்பாளையம் அணைவரை சென்று தேங்கியது எப்படி?

பதில் 1: பல ஆலைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கினவே தவிர, சாயமேற்றப் பயன்படும் உப்பை நீக்கவில்லை. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு ஏட்டில் இருந்தது. தெளிவாகத் தெரிந்த நீரிலோ உப்பு அப்படியே இருந்ததால், பாசனத்துக்காகக் கட்டிய அணையே விவசாயிகளுக்குத் தீங்காயிற்று.

பதில் 2: வாரியத்தை மட்டும் குறைசொல்வது எளிது. ஆயினும் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு உண்மையான வலு வந்தது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்: கழிவுநீரை வெளியே விடாதிருக்க அதிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க வேண்டுமே, அந்த உப்பு எங்கே போகிறது?

பதில் 1: அழுத்தம் கொடுத்து நீரை நுண்ணிய சவ்வு வழியே செலுத்தும் எதிர்ச் சவ்வூடு பரவலில் நல்ல நீர் பிரிந்தபின், எஞ்சும் அடர்கரைசலை ஆவியாக்குகின்றனர். கிடைக்கும் உப்பில் ஒரு பகுதி மீண்டும் சாயமேற்ற உதவும். எதற்கும் உதவாத கலவை உப்போ ஆலை வளாகங்களிலேயே மூட்டைகளாகக் குவிகிறது.